பிரிக்காத பொட்டணம்

செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கடினமான கணக்கில் சட்டென்று வழி தெரியும்போது வருமே ஒரு குதூகலம், அதோடு வந்தது. இரண்டு பொட்டணத்திலும் சிவப்பையே வைத்து மடித்துவிட்டால் என்ன?

எங்கள் பக்கத்தில் பூக்கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று மனசு தத்தளிக்கும்போது அம்மனிடம் போய்க் கேட்பார்கள். சிவப்புப் பூ வந்தால் இது, வெள்ளை வந்தால் அது என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இலைக்கொரு பூவாக இரண்டு பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டுவார். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றுவார். கேட்க வந்தவர் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். எடுக்காத பொட்டணத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. மடித்தவரே அதைக் கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அம்மன் சொல்லாமல் விட்டதை மனிதன் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது ஏற்பாடு.

அன்றைக்குக் கேட்க வந்தவள் என் அக்கா. மடிக்க உட்கார்ந்தவன் நான்.

கேள்வி, அக்காவின் புருஷனைப் பற்றியது. மாமா ரங்கூனில் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தார். சேலத்து வேட்டிகளும் லுங்கிகளும் அங்கே போகும். அவற்றோடு மாமாவும் போவார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், மூன்று மாதம் இருப்பார், மறுபடியும் கப்பல். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தறி ஓசை இல்லாத வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தாய் தகப்பனை ஆறு வயதிலேயே இழந்த நான்தான் பிள்ளை. சேலத்தில் காலேஜ் வகுப்பு வரைக்கும் என்னைப் படிக்க வைத்தவர் மாமா. ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கென்று ஒரு சாமான் கொண்டுவருவார். கடைசியாகக் கொண்டுவந்தது மூங்கிலில் பின்னி அரக்குப் பூசிய ஒரு சின்னப் பெட்டி. பேனா, நிப்பு வைத்துக்கொள் என்றார்.

பிறகு சண்டை ரங்கூனைத் தொட்டது. குண்டு விழுந்தது என்று பத்திரிகையில் வந்த நாளோடு மாமாவின் கடிதம் நின்றது. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. கப்பல் கிடைத்தவர்கள் பட்டணத்தில் வந்து இறங்குகிறார்கள் என்றார்கள். கிடைக்காதவர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தே வருகிறார்களாம், பாதிப் பேர் வழியிலேயே விழுகிறார்களாம். நான் எல்லாப் பத்திரிகையையும் படித்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுப் படம் வரைந்தேன். இங்கிருந்து இங்கே வருவார், இத்தனை நாள் ஆகும், இன்ன ரயில். அக்கா அந்தப் படத்தை ஒருநாள் பார்த்தாள்.

"இது என்ன கண்ணு, கோலமா?"

"மாமா வர்ற வழிங்க அக்கா."

"அவருக்குத் தெரியுமா, நீ வழி போட்டு வெச்சிருக்கறது?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எல்லாத்தையும் நீயே பண்ணிப்போட்டா எப்புடி? சாமிக்கும் கொஞ்சம் வேலை மிச்சம் வையி. பாவம், அது எத்தன நாளைக்குச் சும்மா உக்காந்திருக்கும்?"

அக்காவும் அம்மனும் அப்படி. பேச்சு வார்த்தை உள்ளவர்கள். தினமும் குளித்துவிட்டு ஏரிக்கரைக் கோயிலுக்குப் போய் நிற்பாள். கும்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம் இருக்கும். பருப்பு வேகாத கதை முதற்கொண்டு சொல்லுவாள். மாமாவிடமிருந்து கடிதம் வராத அந்த நாட்களில், போகும்போது கலங்கிய முகத்தோடு போவாள், வரும்போது தெளிந்த முகத்தோடு வருவாள். "சொல்லிப்போட்டேன். இனி அவ பாடு" என்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு மனிதர் காட்டில் நடந்துகொண்டிருக்கிறாரா செத்துக்கிடக்கிறாரா என்று தெரியாதபோது இப்படி ஒருத்தி சோறு தின்று தூங்கி எழுந்திருக்க முடியுமா? எனக்கு முடியவில்லை. காலும் கையும் பரபரத்தன. பட்டணம் போக வேண்டும், துறைமுகத்தில் நிற்க வேண்டும், வருகிறவர்களை எல்லாம் விசாரிக்க வேண்டும். போகிறேன் என்றேன்.

"வேண்டாஞ் சாமி" என்றாள் அக்கா. "அவருக்குத் தெரிஞ்சது இந்த ஊடு ஒண்ணுதான். வந்தா இங்கதான் வருவாரு. வாரப்போ ஊட்டுல ஒரு ஆம்பள வேண்டாமா? நா ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

"சும்மா உட்கார்ந்திருந்தா வந்திருவாருங்களா?"

"நீ போய்ட்டா மட்டும் வந்திருவாரா?"

நான்கு நாள் இதே வாதம். ஐந்தாம் நாள் அவளே இறங்கி வந்தாள். "சரி, அவளையே கேட்டுப்போடுவோம். செவப்பு வந்தா நீ போ. வெள்ள வந்தா இங்கயே இரு. அப்புறம் ஒரு வார்த்த பேசக் கூடாது, நீயும் சரி, நானும் சரி."

இப்படித்தான் நான் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

முன்னால் ஒரு தட்டு நிறையப் பூ இருந்தது. இன்னொரு செவ்வரளியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? வெள்ளரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். கை நடுங்கிற்று என்று எழுதினால் பொய்யாகிவிடும். நடுங்கவில்லை. வாழைநார்தான் வழுக்கிற்று. பூசாரிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங் தம்பி, இங்கிலீசுப் படிப்புல பொட்டணம் கட்டச் சொல்லித் தரலீங்களா? அம்மனுக்கே தூக்கம் வந்துருமாட்ட இருக்குது!"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவள் வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு இடது பக்கத்துப் பொட்டணத்தை எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. ஒரு கணம் அவள் முகம் வாடியது. அடுத்த கணமே தெளிந்துவிட்டது. அதுதான் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது, அவ்வளவு சீக்கிரம் தெளிந்தது. "ஆகட்டும். அவ போகச் சொல்றா. நீ போய்ட்டு வா" என்றாள். நான்கு நாளாக என்னோடு மல்லுக்கு நின்றவள், இரண்டு விரல் அகலத்துப் பூவுக்குக் கட்டுப்பட்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே எனக்கு என்ன பலகாரம் கட்டிக்கொடுப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு முன்னால் கிணற்று வேலை ஒன்று இருந்தது. மற்றப் பொட்டணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். போட்டால் மிதக்கும். நார் அவிழ்ந்தால் சிவப்புப் பூ தண்ணீர்மேல் வந்துவிடும். சாயங்காலம் பூசாரி தண்ணீர் இறைக்க வருவார். நொடியில் இவ்வளவும் யோசித்தேன். அந்த வயதில் மூளை அப்படித்தான் ஓடிற்று. ஒரு கல்லை எடுத்துக் கிணற்றில் போட்டேன். சத்தம் கேட்டது. பொட்டணத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பட்டணத்துக்கு ரயில். எல்லாரும் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு பட்டணத்தைவிட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்த நேரம். வருகிற வண்டிகளில் மூச்சுவிட இடமில்லை. நான் போன வண்டியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. துறைமுக வாசலிலும் ரயிலடியிலும் மாறி மாறி நின்றேன். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர்களோடு சேர்ந்துகொண்டேன். பெயர், ஊர், தகப்பன் பெயர் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். எழுதத் தெரியாதவர்களுக்குக் கார்டு எழுதிக்கொடுத்தேன். "தம்பி கை ராசியான கை" என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த ஐந்தாறு வாரமும் நான் மிகவும் உபயோகமான மனிதனாக இருந்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

ஊராருக்கெல்லாம் அத்தனை கார்டு எழுதியவன் அக்காவுக்கு எழுதியது ஒன்றே ஒன்று. "நான் சௌக்கியம். மாமாவைப் பற்றித் துப்புக் கிடைக்கும்போல் இருக்கிறது. ஓரிடத்தில் தங்கவில்லை, ஆகையால் பதில் எழுத வேண்டாம்." செய்தி என்றால் அது என்னிடமிருந்து அவளுக்குப் போவதாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் எனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

திரும்பி வந்த அன்று பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தேன். எதிர்வீட்டு நெசவுக்காரர் தறிக்குழியில் இருந்தபடியே ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். தறியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்த நாடா நின்றது.

"இப்பத்தான் வாரியா?" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. "கருமாதியே முடிஞ்சு போச்சேப்பா. ஆரத் தேடிட்டு எங்க திரிஞ்ச நீ?"

மாமா வேறு வழியாக வந்திருந்தார். நடந்து, லாரியில், ரயிலில், மறுபடியும் நடந்து. பட்டணத்தைத் தொடாமலே சேலம் வந்து, அங்கிருந்து நூல் மூட்டை ஏற்றி வந்த ஒரு வண்டியில் படுத்தபடி ஊர் வந்து சேர்ந்தார். நான் போட்ட படத்தில் அந்த வழி இல்லை. காலில் சாக்குத் துணி சுற்றியிருந்ததாம். அக்காவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லையாம். வந்தவுடன் தண்ணீர் குடித்துவிட்டு, "தம்பி எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்களத் தேடித்தானுங்க போயிருக்கறான்."

"என்னையத் தேடியா? நான் இங்க இருக்கறனே" என்று சிரித்தாராம். "வந்தா சொல்லிப்போடு, மாமன் கெடச்சுட்டான்னு."

பதினொரு நாள் இருந்தார். காய்ச்சல், கழிச்சல். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது; வாந்திபேதி என்று பயம். சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் தேவலை என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். தூக்கி உட்கார வைக்க ஒரு ஆள் வேண்டும், வண்டி பேச ஒரு ஆள் வேண்டும். அக்கா வீடு வீடாகப் போய் நின்றிருக்கிறாள். எனக்குத் தந்தி கொடுக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். எந்த விலாசத்துக்குக் கொடுப்பது? ஒன்பதாம் நாள் அந்த எதிர்வீட்டு நெசவுக்காரர்தான் பயத்தை விட்டுவிட்டு வண்டி கட்டினார். அதற்குள் மாமாவுக்கு நினைவு தப்பிவிட்டது.

முதல் நாளே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அக்காவின் காலில் விழுந்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் என் தலையைத் தடவினாள். "நீ என்ன பண்ணுவ கண்ணு. வெசனப்படாத. நீயாவா போன? அவ போகச் சொன்னா, நீ போன."

நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் தேறட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் அக்கா குளித்தாள், ஈரத் தலையை முடிந்தாள், அடுப்பைப் பற்ற வைத்தாள். கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போகலீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"அங்க எனக்கு என்ன வேலை?" என்றாள் அடுப்பை ஊதிக்கொண்டே. "ஒரு மனுசன் என்னைய ஏமாத்தியிருந்தா, போனாப் போகுதுன்னு உட்டுருவேன். கண்ண மூடிட்டு நம்பிக் கேட்டேன். அவ பொய் சொல்லிப்போட்டா. பொய் சொல்றவகிட்ட எனக்கு என்ன பேச்சு?"

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பண்டிகைக்குத் தெருப் பெண்கள் மாவிளக்கு எடுத்துப் போகும்போது கதவை ஒருக்களித்துச் சாத்திவிடுகிறாள். பூசாரி ஒரு நாள் வீடு தேடி வந்து, "ஏனுங்க, அம்மன்மேல என்னங்க கோவம்?" என்று கேட்டதற்கு, "அவளுக்குத் தெரியுமுங்க" என்றாளாம்.

அவளுக்குத் தெரியும்தான். எனக்கும் தெரியும். நான் செய்ததை அம்மன் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு வாய் இல்லை. வாய் இருக்கிற நான் சும்மா இருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சங்ககிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறேன். பையன்கள் பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதினால் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிறேன். கோட்டை மலையில் சில நாள் ஏறுவேன். மேலே ஒரு சந்நிதி இருக்கிறது. கும்பிடக் கையைத் தூக்கினால் கிணற்றில் கல் விழுந்த சத்தம் வருகிறது, இறங்கி வந்துவிடுகிறேன். நேர்மையாக மடித்திருந்தாலும் அக்கா கைக்குச் சிவப்பே வந்திருக்கலாம், இல்லையா? நான் போயிருப்பேன், மாமா வந்திருப்பார், இதேபோல் இறந்தும் போயிருப்பார். பாதிக்குப் பாதி சாத்தியம். இந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டு ஆறுதல் தேடியிருக்கிறேன். ஆனால் அப்படி நடந்திருந்தால் நானும் அக்காவும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்போம். அவள் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அம்மனோடு சண்டை போடவாவது ஏரிக்கரைக்குப் போயிருப்பாள். தெளிந்த முகத்தோடு திரும்பியிருப்பாள்.

எனக்கு அப்போது எரிச்சலூட்டிய அந்தத் தெளிவு என்ன என்று இப்போதுதான் கொஞ்சம் புரிகிறது. மாமாவைப் பற்றி அவளுக்கு என்னைவிடக் குறைவான கவலை இருந்ததாக நினைத்தேன். அவள் ராத்திரியெல்லாம் புரண்டதை நான்தானே பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அவ்வளவு கவலையையும் காலையில் கொண்டுபோய் ஓரிடத்தில் இறக்கி வைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. இறக்கி வைத்துவிட்டு, கை ஒழிந்து, வீட்டு வேலையைப் பார்க்கவும், வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் அங்கே அவள் இருந்தாள். நான் எதையும் இறக்கி வைக்கவில்லை. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு பட்டணத்தில் நின்றேன்.

போன மாதம் எனக்குப் பூனாவில் ராணுவ ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை வந்தது. போகலாமா என்று கேட்க ஊருக்குப் போனேன். முன்பானால், "இரு, அவளக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பாள். இந்த முறை முறத்தில் இருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"உனக்குத் தோணுனதப் பண்ணு சாமி. கேக்கறதுக்கு எனக்கு ஆரு இருக்கறா?"

புருஷன் போனபோதுகூட அவள் இவ்வளவு தனியாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலைக் கேட்ட பிறகு பூனாவுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். முதலில் முடிக்க வேண்டிய வேலை இங்கே இருக்கிறது.

அந்தப் பொட்டணம் என்னிடம்தான் இருக்கிறது. எத்தனையோ கிணறு பார்த்தேன், ஆறு பார்த்தேன், போட முடியவில்லை. மாமா கொடுத்த அரக்குப் பெட்டிக்குள் பேனாவோடு கிடக்கிறது. பூவரச இலை காய்ந்து பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் போலிருக்கிறது. நார் மட்டும் விடவில்லை. நான் பிரித்துப் பார்த்ததில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரிக்காமலே தெரிந்த ஒரே மனிதன் நான்தான்.

நாளை சனிக்கிழமை. சேலம் பஸ் ஆறரை மணிக்கு என்று பேர். பெட்ரோல் பஞ்சத்தில் அது கரியில் ஓடுகிற பஸ்; கரி போட்டு விசிறிக் கிளம்ப ஏழரை ஆகும். சேலத்தில் வண்டி மாற வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் போய்ச் சேருவேன். அக்கா எதிரில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து அவள் கையில் பொட்டணத்தைக் கொடுப்பேன். "அம்மன் பொய் சொல்லலீங்க அக்கா. அவளை நான் பேசவே விடலை" என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும்தான் யோசித்து வைத்திருக்கிறேன். அதற்குமேல் அவள் என்ன கேட்பாள், நான் என்ன பதில் சொல்வது என்று வழக்கம்போல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன்.

அவள் பிரிக்கலாம், பிரிக்காமல் விடலாம். என்னை வெளியே போகச் சொல்லலாம். பொட்டணத்தை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்கலாம். நடந்தால், கிணற்றடி வரைக்கும் நானும் போவேன், அவள் வரச் சொன்னால்.